ஏலக்காய்க் கடையின் பெயரில் சூதாட்ட விளம்பரம்: தேடல் முடிவு கெடுவது எப்படி?

போடிநாயக்கனூரில் ஏலக்காயைத் தரம் பிரித்து, 100 கிராம், 250 கிராம் பாக்கெட்டாக இணையத்தில் விற்கும் ஒரு சிறு கடை. முகவரியை நேராக அடித்துப் போனால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. கூகுளில் கடைப் பெயரைத் தேடும் கொச்சி வாடிக்கையாளருக்கோ, பெயருக்குக் கீழே ஜப்பானிய எழுத்தில் கைப்பை விற்பனை, சூதாட்ட ஆப், இல்லாவிட்டால் வெளியில் சொல்ல முடியாத ஏதோ ஒன்று. அவர் போன் போட்டுச் சொன்னால், “எனக்கு நல்லாத்தானே வருது” என்பார் கடைக்காரர். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

நீங்கள் தேடும் நொடியில் கூகுள் உங்கள் கடைக்கு வருவதில்லை. கூகுள்பாட் என்ற அதன் தானியங்கி நிரல் முன்பே வந்து படித்துப்போன நகலிலிருந்துதான் தலைப்பும் இரண்டு வரிக் குறிப்பும் காட்டப்படுகின்றன. அந்த பாட் ஒவ்வொரு முறையும் ‘யூசர் ஏஜென்ட்’ என்ற வரியில் தன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் உள்ளே வரும். தளத்துக்குள் புகுந்தவர் வைத்த நிரல் அந்த வரியைப் பார்க்கிறது. வந்தது பாட் என்றால் குப்பைப் பக்கம். கூகுள் இணைப்பைத் தொட்டு வந்தவர் என்றால் வேறு தளத்துக்குத் திருப்பம். நேராக வந்தவருக்கும் அட்மினாக லாகின் செய்தவருக்கும் அசல் கடை. இதற்கு க்ளோக்கிங் என்று பெயர். புகுந்தவருக்கு உங்கள் ஏலக்காய் வேண்டாம், உங்கள் முகவரிதான் வேண்டும். பல வருடம் ஒழுங்காக நடந்த டொமைனில் ஏற்றிய குப்பை, நேற்று வாங்கிய டொமைனில் ஏற்றியதைவிட எளிதாக மேலே வரும்.

தேடலில் வரும் பொருந்தாத முடிவெல்லாம் ஹேக் இல்லை. தமிழில் ‘ஏலம்’ என்றால் ஏலக்காயும் உண்டு, கூவி விற்கும் ஏலமும் உண்டு. ‘போடி’ என்று மட்டும் அடித்தால் ஊரைவிடப் பெண்ணை விரட்டும் சொல்தான் முன்னால் வந்து நிற்கலாம். அதற்குப் பக்கத் தலைப்பில் ‘போடிநாயக்கனூர் ஏலக்காய்’ என்று முழுதாக எழுதுவதே மருந்து.

சந்தேகம் வந்தால் முதலில், ‘சைட்’ என்பதை ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் டொமைனை எழுதித் தேடுங்கள். 60 பொருள் விற்கும் கடைக்கு ஆயிரக்கணக்கில் பக்கங்கள் வந்தால் விஷயம் பெரிது. அடுத்து, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் வழியாக லைவ் டெஸ்ட் ஓட்டுங்கள். கூகுள்பாட் பார்க்கும் பக்கம் பெரும்பாலும் தெரிந்துவிடும். பிரவுசரில் யூசர் ஏஜென்டை மாற்றிப் பார்ப்பது போதாது. சில நிரல்கள், வந்தவர் எங்கிருந்து வருகிறார் என்று காட்டும் ஐபி எண்ணையும் சரிபார்க்கும்.

அங்கேயே பயனர் பட்டியலையும் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் உரிமையாளராகச் சேர்ந்திருப்பது இந்த வகைத் தாக்குதலில் வழக்கம். பெயரை நீக்கினால் மட்டும் போதாது. அவர் சர்வரில் வைத்த சரிபார்ப்புக் கோப்பு இருக்கும்வரை மறுபடி நுழைந்துவிடுவார்.

சுத்தம் செய்யுமுன் முழுத் தளத்தையும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடுகிறது என்றால் அப்லோட்ஸ் ஃபோல்டரில் படங்கள் இருக்க வேண்டும். அங்கே ஒரு பிஎச்பி நிரல் கோப்பு கிடந்தால் பெரும்பாலும் அது கள்ளச் சரக்கு. சர்வருக்கு விதி சொல்லும் எச்டிஅக்சஸ் கோப்பில் நீங்கள் எழுதாத திருப்ப விதிகளைத் தேடுங்கள். வேர்ட்பிரஸையும் பிளகின்களையும் தட்டிக்கொட்டிப் பார்க்காமல் புதிதாக இறக்கி மாற்றுவதே நல்லது. காசு கொடுக்காமல் கிடைத்த ‘கிராக்’ தீம் இருந்தால் அதுதான் முதல் சந்தேகக் கைதி. அழித்த கோப்பு சில நிமிடத்தில் திரும்பி முளைத்தால் குறித்த நேரத்தில் தானாக ஓடும் ‘கிரான்’ வேலை ஒன்று எங்கோ ஓடிக்கொண்டிருக்கலாம். அதை நிறுத்தாமல் எத்தனை முறை பெருக்கினாலும் வீண். கடைசியாக ஹோஸ்டிங், கோப்பு ஏற்றும் எஃப்டிபி, டேட்டாபேஸ், அட்மின் கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மாற்றி, வேர்ட்பிரஸின் கான்ஃபிக் கோப்பில் உள்ள 8 ரகசியச் சாவிகளையும் மாற்றுங்கள். உள்ளே லாகினில் உட்கார்ந்திருக்கும் எல்லாரும் அத்தோடு வெளியேறிவிடுவார்கள்.

இதற்குப் பிறகுதான் பலர் சறுக்குகிறார்கள். குப்பைப் பக்கங்களைக் கூகுள் பார்க்கக் கூடாதென்று ரோபோட்ஸ் கோப்பில் தடை போட்டுவிடுவார்கள். அது பாட் வருவதைத்தான் தடுக்கும், பட்டியலிலிருந்து எதையும் நீக்காது. வாசலிலேயே நிறுத்தப்பட்ட கூகுள்பாட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது என்பதே தெரியாது. பழைய முகவரி முடிவுகளில் தொங்கிக்கொண்டே இருக்கும். தடை போடாமல், அந்த முகவரிகளுக்கு ‘பக்கம் இல்லை’ என்று சொல்லும் 404 அல்லது 410 பதில் போகும்படி விடுங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் எல்லாம் உதிர வாரங்கள், சமயத்தில் மாதங்கள்கூட ஆகும்.

அதுவரை பொறுக்க முடியாததைச் சர்ச் கன்சோலின் ரிமூவல்ஸ் கருவியில் மறைக்கலாம். அது ஏறத்தாழ 6 மாதத்துக்கான திரை மட்டுமே. ஒரே ஃபோல்டரில் தொடங்கும் முகவரிகளை மொத்தமாக மறைக்கும் வசதியும் அதில் உண்டு. அங்கே கவனக்குறைவாக வெறும் டொமைனைக் கொடுத்தால் மொத்தக் கடையும் மறைந்துவிடும்! பாதுகாப்பு எச்சரிக்கை வந்திருந்தால், சுத்தம் முடிந்த பிறகே மறுஆய்வு கேளுங்கள். ஆபாசப் பக்கங்கள் நிறைய ஏறியிருந்தால் கூகுளின் ஆபாச வடிகட்டியான சேஃப்சர்ச் முழுத் தளத்தையும் வடிகட்டிவிடக்கூடும், ஏலக்காய்ப் பக்கத்தையும் சேர்த்து.

ஹேக்கே இல்லாமலும் இது நடக்கும். கடைக்குள் இருக்கும் தேடல் பெட்டி, அடித்த சொல்லை அப்படியே தலைப்பாகக் காட்டினால், வெளியாட்கள் அசிங்கமான சொற்களுடன் அந்த முகவரிகளுக்கு இணைப்பு கொடுத்துக் கூகுளில் ஏற்றிவிடுவார்கள். தேடல் பக்கங்களில், ‘பட்டியலில் சேர்க்காதே’ என்று கூகுளுக்குச் சொல்லும் நோஇண்டெக்ஸ் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

டொமைன் காலாவதியாவது இன்னொன்று. டாட் காம் பெயர் முடிந்தபின், டொமைனைப் பதிந்து கொடுத்த நிறுவனமான பதிவாளரைப் பொறுத்து 45 நாள் வரை சலுகை, பிறகு அதிகக் கட்டணத்தில் மீட்க 30 நாள், நீக்கத்துக்கு 5 நாள். அதன்பின் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அப்படி வாங்குபவர்களில் சூதாட்டக்காரர்களும் உண்டு. புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல், எப்போதோ தளம் செய்து கொடுத்த டிசைனரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தால் உங்களுக்கு எதுவும் தெரியாது. பதிவாளரின் கணக்கில் இருப்பது உங்கள் மின்னஞ்சல்தானா என்று இன்றைக்கே திறந்து பாருங்கள்.