புரோசசரை வாங்கும் முன் மதர்போர்டின் பெயரைப் பாருங்கள்

மறுபடியும் ஒருவர் இன்டெல் நிறுவனத்தின் எட்டாம் தலைமுறை ஐ5 புரோசசரைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். வீட்டில் இருப்பதோ ஆறாம் தலைமுறைக் கணினி, அதன் மதர்போர்ட் எச்110. சொக்கெட் என்பது அந்த மதர்போர்டில் புரோசசர் உட்காரும் இடம். "சொக்கெட் 1151தானே அண்ணா, இதுவும் 1151தான். பொருத்தினால் சரியாக உட்காருகிறது, ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை" என்றார். விற்ற கடை, போட்டுப் பார்த்த பொருளைத் திருப்பி எடுக்க முடியாது என்று கைவிரித்துவிட்டது. மகளின் உயர்தரப் படிப்புக்காகச் சேர்த்த காசு அது.

2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றது. விண்டோஸ் 11, இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஏற்கிறது. அதனால்தான் வெள்ளவத்தையில் நான் கணினி திருத்தும் மேசைக்கு இதே கதை திரும்பத் திரும்ப வருகிறது.

தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்: சொக்கெட்டின் எண் ஒன்றாக இருப்பதால் மட்டும் புரோசசர் வேலை செய்யாது. ஆறாம், ஏழாம் தலைமுறைகளுக்கு 100, 200 வரிசை மதர்போர்ட்கள்: எச்110, பி150, பி250, இசட்270 போன்றவை. எட்டாம், ஒன்பதாம் தலைமுறைகளுக்கு 300 வரிசை: எச்310, பி360, இசட்390 போன்றவை. இரண்டு கூட்டத்துக்கும் சொக்கெட் 1151தான், அளவும் ஒன்றுதான். ஆனால் எந்த ஊசி எதற்கு என்பதை இன்டெல் மாற்றிவிட்டது. புரோசசருக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஊசிகள் மட்டும் 128இலிருந்து 146 ஆகின. பழைய மதர்போர்டின் பயோஸுக்கும் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) புதிய புரோசசரை அடையாளம் தெரியாது. யூடியூபில் ஊசிகளை டேப்பால் மறைத்து, பயோஸை மாற்றி எழுதி ஓட்டிக் காட்டுகிறார்கள். அது பழுதானாலும் கவலைப்படாதவர்களின் விளையாட்டு. பிள்ளை படிக்கும் கணினியில் அதைச் செய்யாதீர்கள்.

இது 1151இன் கதை மட்டுமல்ல. 1200 சொக்கெட்டில் பத்தாம் தலைமுறையும் பதினோராம் தலைமுறையும் வந்தன. ஆனால் எச்410, பி460 மதர்போர்ட்களை நம்பிப் பதினோராம் தலைமுறையை வாங்காதீர்கள். 1700இல் இன்னொரு பொறி: ஒரே சிப்செட்டில் (மதர்போர்டின் மையச் சில்லு) டிடிஆர்4 ரேம் போடும் மதர்போர்டும் உண்டு, டிடிஆர்5 ரேம் போடும் மதர்போர்டும் உண்டு. பழைய ரேமைக் காப்பாற்ற நினைத்தால் மதர்போர்டின் பெட்டியில் எழுதியிருப்பதை வாசியுங்கள். புரோசசர் பெயரின் இறுதியில் 'எஃப்' இருந்தால் அதில் திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கிடையாது, தனி கார்ட் வேண்டும்.

ஆகவே முதலில் மதர்போர்டின் முழுப் பெயரைக் கண்டுபிடியுங்கள். பலகையிலேயே அச்சிட்டிருக்கும், திறக்கப் பயமென்றால் சிபியு-இசட் மென்பொருள் காட்டும். பிறகு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மதர்போர்டுக்கான புரோசசர் பட்டியலைத் திறவுங்கள். நீங்கள் வாங்கப்போகும் புரோசசர் அதில் இருக்கிறதா, எந்தப் பயோஸ் பதிப்பிலிருந்து என்று பாருங்கள். பட்டியலில் இல்லையா? வாங்காதீர்கள். கடைக்காரர் எவ்வளவு உறுதி சொன்னாலும் வாங்காதீர்கள்.

அலுவலகங்களில் ஓடித் தேய்ந்து இறக்குமதியாகும் பிராண்ட் கணினிகள் இங்கே ஏராளம். அவற்றின் மதர்போர்டை மாற்றலாம் என்று வருபவர்களிடம் நான் முதலில் பெட்டியைத் திறந்து காட்டுவேன். பலவற்றில் பவர் சப்ளையின் இணைப்பு வழக்கமான 24 முனை இணைப்பே அல்ல. திருகுத் துளைகளும் வேறு இடத்தில். மதர்போர்டோடு பவர் சப்ளை, பெட்டி என்று செலவு நீளும். அந்தக் காசுக்குப் பொருத்தமான ஒரு முழுக் கணினியே கிடைக்கலாம், விசாரியுங்கள்.

இன்டெல் அல்லாமல் ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சொக்கெட் வைத்திருப்பவர்களுக்கு வழி இலகு. பி450 போன்ற மதர்போர்டில் பயோஸைப் புதுப்பித்தால் ரைசன் 5000 வரிசைப் புரோசசர் பெரும்பாலும் ஓடும். ஆனால் பழைய புரோசசரைக் கழற்றுவதற்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். கழற்றியபின் திரை வராது, பிறகு எங்களிடம்தான் வரவேண்டும். கூலரை நேராக இழுக்காதீர்கள். இடையில் பூசிக் காய்ந்த பேஸ்டோடு புரோசசரும் சேர்ந்து வந்து ஊசிகள் வளைந்துவிடும். கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டு அணைத்து, சூடு ஆறுவதற்குள் மெல்லத் திருகி எடுங்கள்.

பயோஸ் புதுப்பிக்கும்போது யூபிஎஸ் கட்டாயம். நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்டே எழும்பாமல் போகலாம். தரவைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் போட்டிருந்தால் அதன் மீட்பு எண்ணை முதலே எழுதி வையுங்கள். மதர்போர்டையே மாற்றுகிறீர்கள் என்றால், அதற்கு முன் விண்டோஸ் உரிமத்தை உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். கணினியோடு வந்த உரிமமாக இருந்தால் அது புதிய மதர்போர்டுக்குச் செல்லாது. அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்தபின் கடைக்குப் போங்கள்.