அறுப்பு முடியட்டும் என்று உடம்பு காத்திருக்காது

கும்பகோணத்துக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் என் கிளினிக். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வருகிறவர்கள் பெரும்பாலும் கடை சாத்திவிட்டு நேரே வருகிற முதலாளிகள். உரக்கடை, பாத்திரக்கடை, பட்டு ஜவுளி, அரவை மில், மெஸ், மளிகை. வியாதி ஆளுக்கு ஆள் மாறும். டெஸ்ட் எழுதிக் கொடுத்தால் வருகிற பதில் மட்டும் மாறாது. "அறுப்பு முடியட்டும் டாக்டரம்மா, பார்த்துக்கலாம்." ஜவுளிக்காரருக்குத் தீபாவளி முடிய வேண்டும். பாத்திரக்கடைக்காரருக்கு முகூர்த்தம் முடிய வேண்டும்.

நம் பக்கத்து வருஷத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவை வேலை. ஆடியில் தள்ளுபடி வியாபாரம். ஆவணி, புரட்டாசியில் சம்பா, தாளடிக்கு விதை, உரம், ஆள் கூலி. ஐப்பசியில் தீபாவளியும் மழையும் சேர்ந்து வரும். தையில் அறுப்பு, மாசி பங்குனியில் பாக்கி வசூல், அது முடிவதற்குள் சித்திரை வைகாசிக் கல்யாணங்கள். இதில் எந்த மாசம் ஓய்வான மாசம்? இருபது வருஷமாகக் கடை நடத்துகிறவருக்கும் அப்படி ஒரு மாசம் வந்ததில்லை. அதனால்தான் சொல்கிறேன், கடை நடக்கிற நாளுக்குள்ளேயே உடம்புக்கும் மனசுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

மன்னார்குடிப் பக்கத்து உரக்கடைக்காரர் ஒருவர். ஐம்பது வயசைத் தாண்டியவர், பல வருஷமாகச் சர்க்கரை. மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் குப்பென்று வேர்க்கிறது, கை நடுங்குகிறது, நோட்டை எண்ண முடியவில்லை என்று வந்தார். டென்ஷன் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். பிரஷராக இருக்கும் என்றார் கடையில் கூட இருந்தவர். அவருடைய ஒரு நாளை மணிவாரியாகச் சொல்லச் சொன்னேன். காலை ஆறரைக்குக் காபி, கூடவே சர்க்கரை மாத்திரை. ஏழரைக்குக் கடை திறப்பு. லாரி வந்தால் மூட்டை இறக்க நிற்க வேண்டும், இட்லி வாங்கி வந்த பொட்டலம் அப்படியே கல்லா மேல் ஆறிக் கிடக்கும். மதியச் சாப்பாடு மூன்றரை, நாலு மணிக்கு. ராத்திரி பத்தரைக்குப் பரோட்டா, சால்னா, வீட்டுக்குப் போய் உடனே படுக்கை.

அவர் போட்ட மாத்திரை கிளிமிபிரைடு. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிற மருந்து அது. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். மறுமுறை அப்படி வந்தபோது கடையிலேயே குளுக்கோமீட்டரில் பார்க்கச் சொல்லியிருந்தேன். 58 காட்டியது. 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு தடவை. ஏறியதும் ஏதாவது வயிற்றுக்குப் போட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். இது உங்கள் கடைப் பையன்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

அவருக்குச் செய்தது பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. அவர் கடை நேரத்துக்குத் தகுந்த மாதிரி மருந்தை மாற்றினேன். காலை டிபனை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புவது என்றானது. ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குக் கேரியரில் கடைக்கு வந்தது. "கடையில உக்காந்து சாப்பிட்டா வர்றவங்க என்ன நினைப்பாங்க" என்று முதலில் தயங்கினார். வந்தவர்கள், "சாப்பிட்டு வாங்கண்ணே, இருக்கோம்" என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி இறங்கியது. மதிய நடுக்கம் நின்றுவிட்டது.

பல முதலாளிகள் டாக்டரிடம் தங்கள் நிஜமான சாப்பாட்டு நேரத்தைச் சொல்வதில்லை. "டயத்துக்குச் சாப்பிடுறீங்களா?" என்றால் "ஆமாம்" என்று தலையாட்டிவிடுகிறார்கள். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் மருந்துச் சீட்டு எழுதப்படுகிறது.

வேலை நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021ல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல். இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் கூடுதல். காலை எட்டு முதல் இரவு ஒன்பது வரை, ஞாயிறு தவிர்த்து என்று வைத்தாலும் நம் கடைக்காரருக்கு 78 மணி நேரம் ஆகிறது.

பண்டிகைக் கூட்டத்தில் நெஞ்சு இறுக்கினால் "கேஸ்" என்று சோடா குடித்துவிட்டுக் கல்லாவில் உட்காராதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பில் வலியே இல்லாமலும் போகலாம். மூச்சு வாங்குதல், காரணமில்லாத வேர்வை, தாடையிலோ இடது தோளிலோ ஒரு கனம், இவ்வளவுதான் தெரியும். அந்த நேரத்தில் பைக்கை நீங்களே ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். 108ஐ அழையுங்கள், அல்லது பக்கத்தில் ஈசிஜி எடுக்கிற இடத்துக்கு யாரையாவது கூட்டிப் போகச் சொல்லுங்கள். 2023ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் மாத்திரைகளைக் கொடுத்துவிடுகிறார்கள். கிராமத்தில் மில் வைத்திருப்பவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண் முதலாளிகள் வேறொரு விதமாக ஏமாந்துபோகிறார்கள். மெஸ் நடத்துகிற அம்மாக்கள் ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிஞ்சிய ரசஞ்சாதத்தைச் சாப்பிடுகிறார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை வயசு என்று நினைக்கிறார்கள். ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டிய இடத்தில் 7, 8 என்று வருகிறது. விசாரித்தால் வருஷக்கணக்காக மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு. "அடுப்பை விட்டுட்டு எங்கம்மா வர்றது" என்பார்கள். இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கியவுடன் காபி குடிக்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. ரத்தப்போக்குக்கு என்ன காரணம் என்று ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதைத் தள்ளிப் போடவும் கூடாது.

இன்னொரு விஷயம் எனக்கு எப்போதும் உறுத்தும். தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளிக்காக முதலாளி சம்பளத்தில் 3.25 சதவீதம் கட்டுகிறார். அந்தத் தொழிலாளி நோயில் படுத்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி கிடைக்கும். கட்டுகிற முதலாளிக்கு அது கிடையாது. 2021ல் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, மிகவும் நல்ல சட்டம். பன்னிரண்டு மணி நேரம் கல்லாவை விட்டு எழுந்திருக்காத முதலாளியை எழுப்பி நடக்க வைக்க ஒரு சட்டமும் வராது. உங்களுக்கு நோய் விடுப்பு கொடுக்க உங்களைத் தவிர ஆள் இல்லை. ஆகவே மருத்துவக் காப்பீட்டை நாற்பது வயசுக்கு முன்பே, சர்க்கரை வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி மனநோய் சிகிச்சைக்கும் மற்ற நோய்களைப் போலவே காப்பீடு தர வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி மனசு. இதைப் பற்றி நம் ஊர் வியாபாரிகள் வாயே திறப்பதில்லை.

டெல்டாவில் உரக்கடை என்பது பாதி வட்டியில்லாத பேங்க். சம்பாவுக்குக் கொடுத்த யூரியாவும் டிஏபியும் கடன் நோட்டில் ஏறி நிற்கும், அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் வந்த பிறகுதான் திரும்பும். தையில் அறுக்கிற சமயம் பார்த்து மழை பெய்து கதிர் சாய்ந்தால் விவசாயியிடம் கேட்க முடியாது. அவர் ஒரே ஊர்க்காரர், சாவுக்கும் கல்யாணத்துக்கும் முகத்தில் விழிக்க வேண்டியவர். மொத்த வியாபாரி விட மாட்டார், செக் தேதி வந்துவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு இப்படி நடுவில் மாட்டிக்கொண்ட பலரை நான் வேறு வேறு வியாதியின் பேரில் பார்த்தேன்.

ஆமாம், வேறு வியாதியின் பேரில்தான் வருவார்கள். கவலை என்று சொல்ல மாட்டார்கள். வயிறு எரிகிறது, தலை பாரமாக இருக்கிறது, தூக்கம் இல்லை என்பார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வியாபாரி ஒருவர் எண்டோஸ்கோபி வரை எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்ற ரிப்போர்ட்டோடு வந்தார். கூட வந்த மனைவி, "மூணு மாசமா விடியக்காலை மூணு மணிக்கு எழுந்து உக்காந்துக்கறாங்க. பேரன் மடியில ஏறினாக்கூட எரிச்சல் படுறாங்க" என்றார். அவரைத் தனியாக உட்கார வைத்து, "வாழ்ந்து என்ன பண்ணப் போறோம்னு தோணியிருக்காய்யா?" என்று கேட்டேன். அவர் அழுதுவிட்டார். கடன் எவ்வளவு என்பது வீட்டில் யாருக்குமே தெரியாது.

இந்தக் கேள்வியைக் கேட்கப் பயப்படாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்க ஆள் கிடைத்ததே பாரத்தை இறக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் மனசு சோர்ந்தே கிடந்தால், பிடித்த எதிலும் ஒட்டாமல் போனால், தூக்கமும் பசியும் கெட்டால், வேலையாட்கள் மேல் காரணமில்லாமல் விழுந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு மருந்தும் உண்டு, பேச்சு சிகிச்சையும் உண்டு. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். அதற்குள் "ஒண்ணும் கேக்கலை" என்று நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். அது பழக்கமாகிவிடும் என்ற பயமும் வேண்டாம். மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிற தூக்க மாத்திரைதான் பழக்கமாகும். தூங்குவதற்காகக் குடிப்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்: சரக்கு சீக்கிரம் கண்ணை மூட வைத்து, நடு ராத்திரியில் எழுப்பியும் விட்டுவிடும்.

அந்தத் திருத்துறைப்பூண்டி வியாபாரிக்கு மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார். அதோடு, மனைவியையும் ஆடிட்டரையும் வைத்துக்கொண்டு யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்கு என்று முழுக் கடனையும் ஒரு நோட்டில் எழுதினார். பேங்கில் தவணையை நீட்டிக்கொண்டார். தினவட்டி, மீட்டர் வட்டியில் சிக்கியவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் துணை இருக்கிறது, போலீசில் புகார் கொடுக்கலாம். பூச்சி மருந்து விற்கிற கடையாக இருந்தால், முதலாளி மனசு சரியில்லாத நாட்களில் கிடங்குச் சாவி வேறொருவர் கையில் இருக்கட்டும். இது உயிரைக் காப்பாற்றுகிற ஏற்பாடு, இதில் யாருக்கும் அவமானம் இல்லை. எந்த நேரமானாலும் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. 104லும் பேசலாம்.

உடம்புக்கும் மனசுக்கும் சேர்த்து நான் சொல்கிற ஒரே மருந்து, கடையில் இரண்டாவது ஆள். மகனோ, மனைவியோ, பழைய கணக்குப்பிள்ளையோ, வாரத்தில் அரை நாள் நீங்கள் இல்லாமல் கடையை நடத்தத் தெரிந்த ஒருவர். விலை தெரிய வேண்டும், யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று தெரிய வேண்டும், கல்லாச் சாவி கையில் இருக்க வேண்டும். "நம்பி விட முடியாது" என்கிறவர்களிடம், நீங்கள் பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்பேன். அந்த ஆளை இப்போதே பழக்குங்கள். கிடைக்கிற அரை நாளில் தூங்குங்கள், குலதெய்வம் கோயிலுக்குப் போங்கள், மகாமகக் குளத்தைச் சுற்றி நடங்கள். வாரத்துக்கு 150 நிமிஷம் வேகநடை போதும், தினம் அரை மணியாக ஐந்து நாளில் முடிந்துவிடும்.

திருபுவனத்து நெசவாளிகளுக்கு அமாவாசை அன்று தறி ஓடாது. அன்று காலையில் வெறும் வயிற்றோடு டெஸ்டுக்கு வருகிற பட்டு வியாபாரிகள் சிலர் உண்டு, பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். உங்கள் கடைக்கும் அப்படி ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்கள் வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணின் விழித்திரை, இவ்வளவும் பார்க்க வேண்டும். பிரஷர் பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பு காபி வேண்டாம், ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பிறகு பாருங்கள். 140க்கு 90 என்று ஒன்றுக்கு மேற்பட்ட நாளில் வந்தால் மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டிய நேரம். வரும்போது கடை திறக்கிற நேரம், சாப்பிடுகிற நேரம், சாத்துகிற நேரம், படுக்கிற நேரம் நான்கையும் உள்ளது உள்ளபடி ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அதைப் பார்த்துத்தான் மாத்திரை நேரத்தை எழுத முடியும்.