அம்மா பொய் சொல்லவில்லை, மருமகளும் திருடவில்லை

கடந்த ஒரு மாதத்தில் மட்டும் மூன்று குடும்பங்கள் ஒரே மாதிரியான சண்டையோடு மருத்துவரான என் அறைக்கு வந்தன. மூன்றாவதாக வந்தவர் 74 வயது அம்மா. மருமகள் தன் சங்கிலியைத் திருடிவிட்டாள், இரண்டு நாளாகச் சோறே போடவில்லை என்று வெளிநாட்டிலிருக்கும் மகளிடம் தொலைபேசியில் அழுதிருக்கிறார். மகள் அண்ணனைக் கேட்க, அண்ணன் மனைவியைக் கேட்க, மனைவி பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். சங்கிலி அரிசிப் பானைக்குள் ஒரு துணியில் முடிந்து கிடந்தது. வைத்தவர் அந்த அம்மாவேதான். ஆனால் வைத்ததும் அவருக்கு நினைவில்லை, அன்று காலையில் சாப்பிட்ட இட்லியும் நினைவில்லை.

விசாரித்தபோது, இரண்டு ஆண்டுகளாகவே கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதும், அடுப்பை அணைக்க மறப்பதும், பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பதும் இருந்திருக்கின்றன. யாரும் மருத்துவரிடம் அழைத்து வரவில்லை. 'வயதானால் மறதி வரத்தானே செய்யும்' என்று இருந்துவிட்டார்கள். வயதானவர் சாவியை வைத்த இடம் மறந்து, பிறகு நினைவுக்குக் கொண்டுவருவது வயதின் மறதி. செய்த காரியமே நிகழாததுபோல் அழிந்துபோவது அல்சைமர் போன்ற மூளை நோயின் அடையாளம்.

இதைவிட என்னை வருத்துவது 'நடிக்கிறார்' என்ற சொல். மகன் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "என் கல்யாணத்தில் யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்றுகூடச் சொல்கிறார், டாக்டர். காலையில் சாப்பிட்டது மட்டும் எப்படி மறக்கும்?" தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள். அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது, புதிய நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் மூளைப் பகுதியை. முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய மொய் எப்போதோ பதிவாகிவிட்டது, அது நெடுநாள் அப்படியே இருக்கும். காலையில் தின்ற இட்லியோ பதிவாகவே இல்லை. பதிவாகாத ஒன்றை எவ்வளவு அதட்டினாலும் நினைவுபடுத்த முடியாது. ஆகவே பழையது நினைவிருப்பதும் புதியது மறப்பதும் நடிப்புக்கான சான்று அல்ல, இந்த நோயின் முதன்மையான அடையாளமே அதுதான். வைத்த பொருள் இருந்த இடத்தில் இல்லை, எடுத்த நினைவும் தனக்கு இல்லை என்றால், யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் எந்த மனமும் முடிவு கட்டும். அந்த 'யாரோ', நாள் முழுவதும் அருகிலிருந்து கவனித்துக்கொள்பவராகத்தான் இருப்பார். பழி சுமப்பவர் பெரும்பாலும் அதிகம் உழைப்பவரே.

இது நம் வீட்டு மாமியார் மருமகள் கதையும் அல்ல. 1901இல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஆகஸ்டே டேட்டர் என்ற பெண்ணிடம் முதலில் தெரிந்த அறிகுறியே கணவர்மீது எழுந்த காரணமற்ற சந்தேகம்தான். வீட்டில் பொருள்களை எடுத்து ஒளித்து வைப்பார் என்றும் குறிப்பு உள்ளது. அவரைப் பற்றித்தான், இந்த நோய்க்குப் பெயர் தந்த ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906இல் டூபிங்கனில் உரையாற்றினார்.

அந்த 74 வயது அம்மா மருத்துவமனைக்கு வந்த மறுநாள், வெளிநாட்டு மகள் என்னை அழைத்து, புதிதாக வந்திருக்கும் ஊசியைப் போடலாமா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த தவிப்பு எனக்குப் புரிகிறது. 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோனெபெசிலும் 2003இல் வந்த மெமன்டைனும் ஆகிய பழைய மாத்திரைகள் அறிகுறிகளை ஓரளவு தாங்கிப் பிடிப்பவை, நோயின் போக்கை மாற்றுபவை அல்ல. மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அகற்றும் ஊசி மருந்துகளான லெகானெமாப் 2023இலும் டோனனெமாப் 2024இலும் அங்கே அனுமதி பெற்றன. லெகானெமாப் ஆய்வில் ஏறத்தாழ 1,800 பேர் 18 மாதங்கள் கண்காணிக்கப்பட்டார்கள். நோயின் கடுமையை அளக்கும் 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலில், மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே தெரிந்த வேறுபாடு 0.45 புள்ளி. நோய் நிற்கவில்லை, சரிவு சற்று மெதுவானது. மூளை வீக்கமும் நுண் இரத்தக்கசிவும் ஏற்படக்கூடும் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். பத்தாண்டுகளாகத் தோல்வியையே கண்ட துறையில் இது உண்மையான முன்னேற்றம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் இந்த மருந்துகள் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. இரண்டு ஆண்டுகளை 'வயதுதானே' என்று கழித்த குடும்பம் அந்தக் கதவைத் தானே சாத்திவிடுகிறது.

இன்றே கையில் இருக்கும் சிகிச்சையை யாரும் கேட்பதில்லை. நியூயார்க்கில் 406 குடும்பங்களில் நடந்த நீண்ட ஆய்வில், கவனித்துக்கொள்ளும் துணைவருக்கு ஆலோசனையும் தொடர் ஆதரவும் கொடுத்ததால், நோயாளியைக் காப்பகத்தில் சேர்க்கும் நாள் சராசரியாக 557 நாள்கள் தள்ளிப்போனது. கோவாவில் 2008இல் வெளியான ஆய்வில், மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற பணியாளர்கள் 81 குடும்பங்கள் பங்கேற்ற திட்டத்தில் வீடு தேடிச் சென்று வழிகாட்டியபோது, கவனிப்பவர்களின் மனநலம் தேறியது. உலக சுகாதார நிறுவனத்தின் 'ஐசப்போர்ட்' பயிற்சி இதற்கென்றே உருவானது. மருந்துச் சீட்டுக்குக் காட்டும் அவசரத்தில் பாதியையாவது இதற்குக் காட்டுங்கள்.

வாதாடாதீர்கள். "இப்போதுதானே சாப்பிட்டீர்கள்" என்ற வாக்கியத்தை வீட்டிலிருந்தே ஒழித்துவிடுங்கள். "இதோ கொண்டு வருகிறேன்" என்று ஒரு வாய் கொடுங்கள். பொருள் காணோம் என்றால், சேர்ந்து தேடுங்கள். நகைகளை வங்கிப் பெட்டகத்துக்கு மாற்றிவிடுங்கள். கட்டிலோடு கட்டிப்போடுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். பக்கத்து மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் அதே தவறுதான். நேற்றுவரை ஓரளவு தெளிவாக இருந்தவர் இரண்டே நாளில் உளறத் தொடங்கினால், அது பெரும்பாலும் சிறுநீர்த்தொற்று, சோடியம் குறைவு, கீழே விழுந்ததில் மண்டைக்குள் கசிந்த இரத்தம் போன்ற ஒன்று. உடனே அழைத்து வாருங்கள். வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். இவற்றின் குறைபாட்டால் வரும் மறதி பலருக்குச் சரியாகக்கூடியது. சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை: சிறுநீர் கசிவுக்கு நாம் எழுதும் சில மாத்திரைகள் டோனெபெசிலின் வேலையை நேரெதிராகக் கெடுப்பவை. பழைய சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுவோம்.

மூன்று வாரங்களுக்குப் பிறகு அந்த மருமகள் திரும்பி வந்தார். முதல் பயிற்சியை அவருக்கு அல்ல, கணவருக்குத்தான் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அம்மாவை அவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் நிபந்தனை. வெளிநாட்டு மகளிடமும் ஒன்று கேட்டுக்கொண்டேன். சோறு போடவில்லை என்று அம்மா அழுதால் அண்ணனுக்குப் போன் செய்யாதீர்கள். சின்ன வயதில் தீபாவளிக்கு வீட்டில் என்னென்ன பலகாரம் சுட்டீர்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள். அரை மணி நேரம் மறக்காமல் சொல்லுவார்.