ஒட்டுத்துணிப் போர்வை: தைக்கும் முன் தரம் பிரியுங்கள்

கடந்த 22 ஆண்டுகளில் என் தையல் கடையின் வெட்டு மேசைக்கு அடியில் மிச்சத் துணி மூட்டை இல்லாத நாள் ஒன்று இருந்ததில்லை. ரவிக்கைக் கைக்கு வெட்டியது போக மீந்த டூ பை டூ துண்டுகள், லைனிங் துணியின் ஓரங்கள், சுடிதார் வெட்டும்போது கழுத்துப் பக்கம் விழும் பிறை வடிவத் துண்டுகள், பாவாடைக் காடாத் துணியின் நீள நறுக்குகள் என்று வாரத்துக்கு ஒரு சாக்கு சேர்ந்துவிடும். இவற்றைக் கட்டங்களாக ஒட்டித் தைத்து, அந்தக் கட்டங்களை இணைத்துப் போர்வையாக்கும் பேட்ச்வொர்க் வேலையின் மீது என் வகுப்புக்கு வரும் பெண்களுக்கு அண்மைக் காலத்தில் பெரும் ஆர்வம் பிறந்திருக்கிறது. ஆர்வத்தோடு தைத்து முடித்த போர்வையை ஒருமுறை துவைத்த பிறகு, முகம் வாடி என்னிடம் கொண்டுவருபவர்களும் அதே அளவுக்கு இருக்கிறார்கள். அவ்வாறு வரும் போர்வைகளைப் பிரித்துப் பார்க்கும்போது தையலில் குறை காண்பது அரிது. பெரும்பாலும் குறை, ஊசியில் நூல் கோப்பதற்கு முன்பே, எந்தத் துண்டை எடுப்பது, எதை ஒதுக்குவது என்ற இடத்திலேயே நேர்ந்திருக்கும்.

இதை நான் பிறருடைய போர்வைகளிலிருந்து மட்டும் கற்கவில்லை. என் அக்காள் மகனுக்காக முதன்முதலில் நான் தைத்த போர்வையில் அரக்குச் சிவப்பு ரவிக்கைத் துண்டும், வெள்ளை லைனிங்கும், பளபளப்பாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டுச் சேர்த்த பாலியஸ்டர் பட்டும் அடுத்தடுத்து இருந்தன. முதல் துவைப்பில் சிவப்பு, வெள்ளையில் இறங்கியது. துவைக்காமலே தைத்த பருத்தித் துண்டுகள் சுருங்கின. சுருங்காத பாலியஸ்டர் துண்டுகள் அவற்றுக்கு நடுவே அப்பளம் போல உப்பி நின்றன. சதுரமாகத் தைத்த போர்வை அதன் பிறகு எந்தப் பக்கம் இழுத்தாலும் சதுரமாகவில்லை.

ஆகவே மூட்டையைக் கொட்டியதும் முதலில் நெசவுத் துணியையும் பின்னல் துணியையும் பிரித்துவிடுங்கள். பாவும் ஊடையுமாக நெய்த துணி, நேராக இழுத்தால் கொடுக்காது. கண்ணி கண்ணியாகப் பின்னிய பனியன் துணி இழுத்த இழுப்புக்கு வரும். இவ்விரண்டையும் ஒரே கட்டத்தில் இணைத்தால், மெஷினின் பல் பனியன் துணியை இழுத்துக்கொண்டே போக, இரண்டு துண்டுகளின் முனையும் ஒருபோதும் சேராது. பனியன் துண்டுகளை எப்படியும் பயன்படுத்தியே தீர வேண்டும் என்பவர்கள், பின்புறம் ஃபியூசிங் துணியை இஸ்திரியால் ஒட்டி, அதன் நீட்சியைக் கட்டுப்படுத்திய பிறகு வெட்டலாம். பழைய டி-சட்டைகளைப் போர்வையாக்குபவர்கள் செய்வது இதைத்தான். திருப்பூரில் மலையாகச் சேரும் பனியன் கழிவில் ஒரு பகுதி மெஷின் துடைக்கும் துணியாகவே விற்பனையாகிறது என்பதை நினைவில் கொண்டால், ஒவ்வொரு துண்டையும் போர்வைக்குள் அடைத்துத்தான் தீர வேண்டும் என்ற மனச்சுமை குறையும்.

அடுத்தது இழை. பருத்தியா, பாலியஸ்டரா என்று தொட்டுப் பார்த்துச் சொல்வதற்குப் பழக்கம் வேண்டும். ஐயம் இருந்தால், ஒரு நூலை இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்துக்கொண்டு தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம் தரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான மணியாக உறையும். பாலியஸ்டரை நான் முற்றிலும் விலக்கச் சொல்லவில்லை, பருத்தியோடு கலக்க வேண்டாம் என்கிறேன். ஏனென்றால் பருத்தித் தையலைப் படியவைக்கத் தேவையான இஸ்திரிச் சூட்டில் பாலியஸ்டர் பொசுங்கிவிடும். கனத்திலும் இதே விதி பொருந்தும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் ஊரில் கறுப்பினப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவர்களில் ஓவியங்களைப் போலத் தொங்கின. அவர்கள் தைத்தவற்றுள் தேய்ந்த வேலை உடைகளின் டெனிம் துணியால் ஆனவையும் உண்டு. முரட்டுத் துணிக்கு முரட்டுத் துணியே துணை. டெனிமோடு மெல்லிய மல் துணியைச் சேர்த்தால் தையல் ஓரத்தில் மல் கிழியும்.

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று நம் மூதாதையர் சொன்னதை, ஒட்டுப்போடுபவர்கள் ‘வெட்டும் முன் கசக்கு’ என்று படித்துக்கொள்ளலாம். துவைக்காத புதுப் பருத்தித் துணி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்குவது சாதாரணம். பழைய வேட்டியின் துண்டு அதற்குள் சுருங்க வேண்டிய அளவெல்லாம் சுருங்கி முடித்திருக்கும். சிறு துண்டுகளை அப்படியே துவைத்தால் பிசிறு பிரிந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் என்பதால், தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டித் துவைப்பது என் வழக்கம். சாயம் போகுமா என்று பார்க்க, அடர்நிறத் துண்டோடு ஒரு வெள்ளைத் துணிக் கிழிசலைச் சேர்த்து அரை மணி நேரம் ஊற வையுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியை ஒதுக்கிவிடுவதே நல்லது. கல் உப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். ஏற்கெனவே சாயமேற்றி முடித்த துணியில் ஒட்டாமல் நிற்கும் சாயத்தை உப்பு பிடித்துவைக்காது. நானும் பல ஆண்டுகள் உப்பை வீணாக்கியவள்தான்.

இனி, பலரும் கேட்கத் தயங்கும் ஒரு கணக்கு. ஒட்டுத் தையலில் ஒவ்வொரு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம், அதாவது ஆசாரிகள் கணக்கில் இரண்டு நூல், விடுவது எங்கும் உள்ள வழக்கம். 2½ அங்குலச் சதுரமாக வெட்டிய துண்டு தைத்த பிறகு 2 அங்குலமாகத் தெரியும். அதன் பரப்பு 6¼ சதுர அங்குலம். கண்ணுக்குத் தெரிவது 4 சதுர அங்குலம். 36 சதவீதத் துணி உள்ளே மடிந்துவிட்டது. 4½ அங்குலத் துண்டில் இந்த இழப்பு 21 சதவீதம்தான். ஆனால் ஒரு துண்டும் வீணாகக் கூடாது என்று 1½ அங்குலச் சதுரங்களை எடுத்து உட்கார்ந்தால், 2¼ சதுர அங்குலத் துணியில் 1 சதுர அங்குலமே வெளியே தெரியும். பாதிக்கு மேல், 56 சதவீதம், தையலுக்குள் போய்விடும். நூலும் நேரமும் மின்சாரமும் அதிகமாகி, போர்வையும் கனத்துவிடும். மிகச் சிறிய துண்டுகளால் ஆன போர்வையைச் சிக்கனத்தின் அடையாளமாகப் பாராட்டுவது வழக்கமாகிவிட்டது. துணியின் கணக்கில் பார்த்தால் அது ஊதாரித்தனம். அழகுக்காகச் செய்யலாம், அது வேறு.

தொடக்கத்தில் நான் கற்பிப்பது ஒன்பது சதுரக் கட்டம்தான். 2½ அங்குலச் சதுரங்கள் ஒன்பதை மூன்று வரிசையாக இணைத்தால் 6½ அங்குலக் கட்டம் வரும்; பக்கத்துக் கட்டங்களோடு சேர்த்த பின் அது 6 அங்குலமாக நிற்கும். 36-க்கு 48 அங்குலம் கொண்ட சிறு போர்வைக்கு 48 கட்டங்கள் வேண்டும். அவற்றில் ஒன்று விட்டு ஒன்று ஒற்றைத் துணியாக வைத்தால், ஒட்டுப்போட வேண்டியவை 24 கட்டங்கள், 216 சதுரங்கள். சதுரம் வெட்ட விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பழைய எக்ஸ்ரே படத்தைத் துல்லியமாக 2½ அங்குலத்துக்கு வெட்டி அச்சாக வைத்துக்கொண்டால், அதன் வழியே துணியின் கோடுகளும் பூக்களும் தெரியும். அச்சின் ஓரம் நூலோட்டத்துக்கு இணையாக இருக்க வேண்டும்; கிராஸாக, அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக, வெட்டிய சதுரம் கையில் எடுக்கும்போதே நீண்டுவிடும்.

கால் அங்குலத்தில் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம் தர வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் அரை நூல், அதாவது ஒரு அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு, கூடுதலாகப் பிடித்துத் தைத்தீர்கள் என்று வையுங்கள். ஒரு தையலுக்கு இரண்டு துண்டு. ஒரு வரிசையில் இரண்டு தையல். ஆக, ஒரு கட்டம் கால் அங்குலம் குறைந்துவிடும். ஒரு வரிசையின் எட்டுக் கட்டங்களும் ஒட்டுக் கட்டங்களாக இருந்தால் 2 அங்குலம் குறைய, கட்டங்களை இணைக்கும் ஏழு தையல்களும் சேர்ந்து போர்வை ஏறக்குறைய 3 அங்குலம் சிறுத்துப் போகும். எல்லாக் கட்டங்களும் ஒரே அளவில் குறைந்தாலாவது தப்பிக்கலாம்; ஒன்று குறைந்து மற்றொன்று குறையாதபோதுதான் முனைகள் சண்டையிடுகின்றன. இதைத் தவிர்க்க, மெஷின் தட்டின் மீது ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து, மருந்துக்கடைப் பிளாஸ்திரியை நான்கைந்து மடிப்பாக ஒட்டி, துணியின் ஓரம் அதில் உரசிக்கொண்டு போகும்படி செய்யுங்கள். பிறகு 1½ அங்குல அகலத்தில் மூன்று நாடாக்களை இணைத்து இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். நடு நாடா சரியாக 1 அங்குலம் இருந்தால் பிளாஸ்திரி சரியான இடத்தில் இருக்கிறது. குறைந்தால் ஒரு மயிரிழை ஊசியின் பக்கம் நகர்த்த வேண்டும்.

இஸ்திரியைப் பற்றியும் ஒரு சொல். சட்டைக்குத் தேய்ப்பது போல இழுத்துத் தேய்த்தால் கட்டம் கோணும். பெட்டியை வைத்து, அழுத்தி, தூக்கி எடுக்க வேண்டும். முதல் வரிசையின் தையல் ஓரங்களை இடப்பக்கமும், அடுத்த வரிசையினதை வலப்பக்கமும் படியவைத்தால், இரண்டு வரிசைகளைச் சேர்க்கும்போது எதிரெதிர் மடிப்புகள் ஒன்றில் ஒன்று பூட்டிக்கொண்டு, முனைகள் தாமாகவே பொருந்தும்.

முக்கோணங்கள் வேண்டுமென்று ஆசைப்படுபவர்கள் முக்கோணமாக வெட்டித் தைக்க வேண்டாம். வெட்டிய சாய்வு ஓரம் கிராஸ் பீஸ் போலவே நீளும். 3 அங்குலச் சதுரங்கள் இரண்டை முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்த பிறகு கோட்டின் மேல் வெட்டுங்கள். இரண்டு நிறச் சதுரங்கள் இரண்டு கிடைக்கும். அவற்றை 2½ அங்குலத்துக்கு ஓரம் நறுக்கினால் மற்றச் சதுரங்களோடு ஒத்துப்போகும்.

எந்த அளவுக்கும் அடங்காத நீள நறுக்குகளுக்குப் பழைய வேட்டியே சிறந்த துணை. வேட்டியை 8½ அங்குலச் சதுரங்களாகக் கிழித்து, மூலைவாட்டில் ஒரு நறுக்கை வைத்து, அதன் மேல் அடுத்ததைக் கவிழ்த்துத் தைத்துத் திருப்பி, இப்படியே இருபுறமும் நிரப்பிக்கொண்டு போய், கடைசியில் பின்பக்கத்து வேட்டியின் ஓரத்தைப் பார்த்து நறுக்கிவிடலாம். மேலே இருக்கும் துண்டு கிராஸாக இருந்தாலும் கீழே இருக்கும் வேட்டி அதை நீளவிடாது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் இன்னும் ஒருபடி மேலே போய், கட்டம் என்பதையே வைத்துக்கொள்வதில்லை. பழஞ்சேலையை விரித்து, குடும்பத்தாரின் கிழிந்த உடைகளின் துண்டுகளை ஒரு மூலையில் தொடங்கி ஓரமாகவே சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடியும்படி கைத்தையலால் பதிக்கிறார்கள். ஓட்டுத் தையலே துண்டையும் பிடிக்கிறது, அடுக்கையும் பிடிக்கிறது. நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் ‘பூலா’ என்னும் முக்கோணப் பூ வைத்தால்தான் அவர்களுக்குக் கவந்தி என்னும் அந்தப் போர்வை நிறைவு பெறும். அளக்கப் பொறுமை இல்லாத மாணவிகளிடம் நான் இந்த முறையையே பரிந்துரைக்கிறேன். கட்டம் தைக்க எல்லோருக்கும் மனம் வராது, வர வேண்டியதும் இல்லை.

நடு அடுக்குக்குப் பஞ்சு வைக்கச் சொல்லிப் பலர் வழிகாட்டுகிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு பழைய பருத்திச் சேலை போதும். பஞ்சு வைத்தால் ஒரு சாண் இடைவெளிக்குள் தையல் ஓடாத இடங்களில் அது துவைப்பில் திரண்டு உருண்டைகளாகிவிடும்.

குழந்தைகளுக்கென்று தைப்பவர்கள் சரிகை, சம்கி, கொக்கி, பொத்தான் உள்ள எந்தத் துண்டையும் சேர்க்காதீர்கள். ஒரு வயது நிறையாத குழந்தையை இப்படிப்பட்ட போர்வையால் மூடித் தூங்க வைப்பதும் கூடாது. தளர்வான போர்வை முகத்தில் ஏறினால் அதை விலக்கும் வலு அந்தக் கைகளுக்கு இராது. விழித்திருக்கும் நேரத்தில் தரையில் விரித்து விளையாட விடுவதற்கு அது நன்றாக உதவும்.

தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. வாடிக்கையாளரின் ரவிக்கைத் துணியில் மீந்தது வாடிக்கையாளருடையது. “தையற்காரி துணியைப் பிடித்துக்கொண்டாள்” என்ற பேச்சை ஒருமுறை கேட்டவள் என்ற முறையில், உள்ளங்கை அகலத்துக்கு மேற்பட்ட துண்டு எதுவானாலும் ரவிக்கையோடு மடித்துக் கொடுத்துவிடுகிறேன். “நீயே வைத்துக்கொள், அம்மா” என்று அவர்கள் சொன்ன பிறகே அது என் மூட்டைக்குள் போகும்.

இத்தனையும் பிரித்து எடுத்த பின் அடியில் தங்கும் ஒன்றரை அங்குலத்துக்குக் குறைந்த நறுக்குகளைத் தெருமுனையில் கொளுத்துகிறார்கள். அதில் கலந்திருக்கும் பாலியஸ்டர் உருகி எழுப்பும் புகை மூச்சுக்குக் கெடுதல். அவற்றை நான் தரையில் போட்டு உட்காரும் திண்டுகளுக்குள் அடைக்கிறேன். படுக்கைத் தலையணைக்கு அடைத்தால் கல்லாகக் கனக்கும், கழுத்து வலிக்கும். திண்டுக்கும் உள்ளுறை தனி, மேலுறை தனி என்று தைத்து, மேலுறையை மட்டும் துவையுங்கள். உள்ளே இருக்கும் நறுக்குகள் ஒருமுறை நனைந்துவிட்டால் நடுப்பகுதி காய்வதற்கு இரண்டு மூன்று நாள் வெயிலும் போதாது.