கடைசி வரி வரை படித்தால் போதாது

முடக்குவாதத்துக்கோ, உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்கோ பல ஆண்டுகளாக ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடுபவர்களிடம் கண் பரிசோதனை பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "போன மாசம்தான் கண்ணாடி மாத்தினேன் டாக்டர், கடைசி வரி வரைக்கும் படிச்சேன்."

படிப்பீர்கள். அதில்தான் சிக்கலே. இந்த மாத்திரை விழித்திரையைக் கெடுக்கும்போது நட்ட நடு மையத்தைக் கடைசியில்தான் தொடும். முதலில் அடிபடுவது அதைச் சுற்றியுள்ள வளையம். எழுத்துப் பலகையைப் படிக்க மையம் போதும். எனவே வளையம் ஓரளவு போன பிறகும் 6/6, அதாவது முழுப் பார்வை என்றே வரும். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தது விழித்திரைப் பரிசோதனை ஆகாது. டார்ச் அடித்துப் பார்த்ததும் ஆகாது. விழித்திரையை நேரில் பார்த்தே வளையம் தெரிகிறதென்றால் பாதிப்பு முற்றிவிட்டது என்று பொருள். போன பார்வை திரும்பாது. மருந்து உடலிலிருந்து வெளியேறப் பல மாதம் ஆவதால், நிறுத்திய பிறகும் பாதிப்பு கொஞ்ச காலம் கூடலாம்.

முன்கூட்டியே பிடிக்க வழி உண்டு. விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனும், ஒளிப்புள்ளி தெரியும்போது பட்டனை அழுத்தச் சொல்லிப் பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்ட் டெஸ்டும் அடிப்படை. பரிசோதிப்பவர்கள் மையத்தை ஒட்டிய 10 டிகிரியை மட்டும் அளக்கும் 10-2 ஃபீல்டோடு நிறுத்திவிட வேண்டாம். ஆசியர்களுக்குப் பாதிப்பு மையத்தைவிட்டுத் தள்ளித் தொடங்குவது அதிகம் என்பதால் இன்னும் அகலமாக அளக்கும் 24-2ம் வேண்டும். ஸ்கேனும் ஃபீல்டும் ஒத்துப்போகாதபோதும், பட்டன் அழுத்தும் சோதனையில் நோயாளி தடுமாறும்போதும், விழித்திரையின் மின் துலங்கலை இடம் இடமாக அளக்கும் மல்டிஃபோக்கல் இ.ஆர்.ஜி. கைகொடுக்கும். (சீட்டில் வெறும் 'இ.ஆர்.ஜி.' என்று எழுதும் சக மருத்துவர்களே, தயவுசெய்து 'மல்டிஃபோக்கல்' என்று சேர்த்து எழுதுங்கள். வெறும் இ.ஆர்.ஜி. தரும் முழு விழித்திரையின் மொத்த மின் அளவு, இந்தப் பாதிப்பின் தொடக்கத்தில் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.)

மல்டிஃபோக்கல் எடுப்பது இப்படி: கண்மணியை விரிக்கும் சொட்டு, மரத்துப்போகச் சொட்டு, கீழிமை ஓரத்தில் மெல்லிய இழை மின்முனை, நெற்றியில் எர்த் மின்முனை. எதிரே திரையில் 61 அல்லது 103 அறுகோணங்கள் கறுப்பு வெள்ளையாக மினுங்கும். பதிவு நேரம் 4 முதல் 8 நிமிடம், சிறு துண்டுகளாக, இடையில் இமைக்கலாம். நோயாளியின் வேலை நடுப்புள்ளியை விடாமல் பார்ப்பது மட்டுமே. பார்வை நகர்ந்தால் பதிவின் நடுவே எழ வேண்டிய உச்சி சரிந்து, நல்ல கண்ணும் கெட்டதுபோலத் தெரியும். பல்லைக் கடித்தால் தசை மின்சாரம் கலக்கும். எர்த் தளர்ந்தால் கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பதிவில் கலக்கும். ஃப்ளாஷ் போட்டு விழித்திரைப் படம் எடுத்த கையோடு இதைத் தொடங்கக் கூடாது. முடிவில் நாம் பார்ப்பது மையத்தைச் சுற்றி வளையம் வளையமாகப் பிரித்த மின் அளவுகளை: மையம் தாங்கி நிற்க, அடுத்த வளையங்கள் தாழ்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

அளவுக்கு வருவோம். உண்மையான உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மி.கி.க்கு மேல் வேண்டாம். 45 கிலோ உள்ளவருக்கு அது 225 மி.கி.; அவர் 400 மி.கி. சாப்பிட்டால் கிலோவுக்கு கிட்டத்தட்ட 9. எடை குறைந்தால் அளவையும் திரும்பக் கணக்கிட வேண்டும். நம் நாட்டில் சர்க்கரை நோய்க்கும் இதே மருந்து கொடுக்கப்படுகிறது. அவர்களில் பலர் தங்கள் சீட்டில் இது இருப்பதே தெரியாமல் விழுங்குகிறார்கள். சர்க்கரையால் சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் மருந்து உடலில் தேங்கும், ஆபத்து கூடும்.

தொடங்கிய முதல் ஆண்டுக்குள் ஒரு அடிப்படைப் பரிசோதனை. 5 ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும். சிறுநீரகக் கோளாறு, மார்பகப் புற்றுநோய்க்கான டாமோக்ஸிஃபென் மாத்திரை, ஏற்கெனவே மாகுலா (விழித்திரையின் மையப் பகுதி) கோளாறு, அதிக அளவு, இவற்றில் ஏதாவது இருந்தால் 5 ஆண்டு காத்திருக்காதீர்கள். வரும்போது எல்லா மாத்திரை அட்டைகளும், எடையும், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அறிக்கையும் கையில் இருக்கட்டும்.

இதைப் படித்துவிட்டு இன்றிரவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அளவு சரியாக இருந்தால் முதல் 10 ஆண்டுகளில் பாதிப்பு வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. லூபஸ் நோயாளி திடீரென்று நிறுத்தினால் நோய் சீறி எழலாம். நிறுத்துவதா, குறைப்பதா என்பதை மாத்திரை எழுதியவரும் கண் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். அதுவும் ஒரே ஒரு சந்தேக அறிக்கையை வைத்தல்ல, சோதனையைத் திரும்பச் செய்து பார்த்த பிறகு.