தேசிய நூலகம்: சொல்லும் பொருளும்

எல்லையிலுள்ள வாளையார் தாண்டிக் கேரளத்தின் பாலக்காட்டுக்குள் வந்தால் பலகைகளில் நூலகம் போய் மலையாளத்தில் கிரந்தசாலை, வாயனசாலை என்று வந்துவிடும், தமிழ் பேசும் நாங்களும் வாயனசாலை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் தேசிய நூலகம் என்பது பெரிய வாயனசாலை அல்ல. நாட்டில் அச்சாகும் எல்லாவற்றிலும் ஒரு பிரதியாவது அழியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே உள்ள இடம் அது, வாசிப்பு அதற்கு அடுத்ததுதான். மாநில மத்திய நூலகத்தையும் இதையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு, இரண்டும் வேறு.

தேசம் என்பது வடமொழிச் சொல். தமிழில் அது தேயம் ஆனது, சங்கப் பாட்டில் தேஎம் என்றே வரும். மலபார்ப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் அம்சம், தேசம் என்று எழுதியிருப்பார்கள், அங்கே தேசம் என்றால் சின்ன ஊர்ப்பகுதி, அவ்வளவுதான். முழு நாட்டையும் குறிக்கும் ‘தேசிய’ அதிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது. தனித்தமிழில் நாட்டு நூலகம் எனலாம், ஆனால் நாட்டுக்கோழி, நாட்டு மருந்து என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது வேறு பொருள் தரும். சிங்கப்பூரிலும் தேசிய நூலக வாரியம் என்றுதான் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் தேசிய நூலகமே போதும், நூலகம் என்ற நல்ல தமிழ்ச்சொல் அதில் இருக்கிறதே.

நம் தேசிய நூலகம் கொல்கத்தாவில் இருக்கிறது. 1836-இல் அந்த ஊர்க்காரர்கள் தொடங்கிய பொது நூலகமும், அரசுத் துறை நூலகங்களைச் சேர்த்து 1891-இல் உருவான இம்பீரியல் (பேரரசு) நூலகமும் வைஸ்ராய் கர்சன் காலத்தில் ஒன்றாகி 1903-இல் பொதுமக்களுக்குத் திறந்தன. விடுதலைக்குப் பின் பேரரசின் பெயர் எதற்கு என்று 1948-இல் சட்டம் போட்டு இப்போதைய பெயரை வைத்தார்கள், அப்புறம் 1953-இல் பெல்வெடேர் மாளிகையில் மௌலானா ஆசாத் திறந்து வைத்தார்.

பெயரை விட முக்கியம் 1954-இல் வந்த நூல் ஒப்படைப்புச் சட்டம். எந்த மொழியில் புத்தகம் போட்டாலும் 30 நாளுக்குள் பதிப்பாளர் தன் செலவில் கொல்கத்தாவுக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும், சென்னைக் கன்னிமரா உட்பட இன்னும் மூன்று நூலகங்களுக்கும் அப்படியே. பாலக்காட்டில் அச்சாகும் தமிழ்க் கவிதைத் தொகுப்புக்கும் இது பொருந்தும். தமிழ்ப் புத்தகம்தானே, கன்னிமராவுக்கு அனுப்பினால் போதாதா என்று விட்டுவிடாதீர்கள், கொல்கத்தாவுக்கும் அனுப்புங்கள்.