வெட்டாமல் விட வேண்டிய புல்

கோல்ஃப் என்றால் சென்னையில் கிண்டியும் நந்தனமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கோல்ஃப் மைதானத்துப் பராமரிப்புக் கணக்கு மணலி, எண்ணூர், மாதவரம் பக்கத்துத் தொழிற்சாலைப் புல்வெளிகளுக்கும் பொருந்தும். பதினெட்டுக் குழி மைதானம் நூறு ஏக்கருக்கு மேல் இருக்கும், 3-4 மி.மீ. உயரத்துக்கு ஒட்ட வெட்டும் ‘கிரீன்’ (குழியைச் சுற்றிய புல்தரை) எல்லாம் சேர்த்தே இரண்டு, மூன்று ஏக்கர்தான். பந்து போகாத ஓரங்களை வெட்டாமல் விட்டாலே பூச்சி வரும், பின்னாலேயே பறவை வரும். மரக்கன்று நட்டுப் படம் எடுப்பதெல்லாம் அதற்கப்புறம்.

ஓர் ஏக்கருக்கு 1 மி.மீ. தண்ணீர் என்றால் சுமார் 4,000 லிட்டர். மே மாத வெயிலில் நாளைக்கு 6 மி.மீ. தேவைப்பட்டால் 24,000 லிட்டர். இரண்டு பெரிய லாரித் தண்ணீர். மீஞ்சூர் வட்டாரத்தில் போர் போட்டால் கடல் உப்பு ஏறிய நீர் வருகிறது: இலை நுனி கருகும், மண்ணில் வெள்ளை பூக்கும். மிச்சமிருப்பது சுத்திகரித்த கழிவுநீர். கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள ஆர்.ஓ. நிலையம் 2019 முதல் மணலி ஆலைகளுக்குத் தருகிறது. புல்லுக்கு அவ்வளவு தூய்மை வேண்டாம், வளாகத்துக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய (எஸ்.டி.பி.) நீரே போதும்.

கோட்டை விடுவது உரத்தில். அந்த நீரில் லிட்டருக்கு 20 மி.கி. நைட்ரஜன் இருந்தால், மேற்சொன்ன அளவில் ஏக்கருக்கு மாதம் 14 கிலோவுக்கு மேல் மண்ணில் இறங்கும். கிட்டத்தட்ட 31 கிலோ யூரியாவுக்குச் சமம். அதற்கு மேலும் யூரியா தூவினால் மழையில் கரைந்து குளத்துக்குப் போகும். பாசி படரும், ஆகாயத்தாமரை மூடும். குளத்தைச் சுற்றி மூன்று முதல் ஐந்து மீட்டர் புல்லை வெட்டாமல் விட்டால் உரத்தில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடும். அந்தப் புல்லைப் பொங்கல் கழிந்ததும் பாதி, சில மாதம் கழித்து மறுபாதி என்று வெட்டலாம். சீமைக்கருவேலக் கன்றை மட்டும் தலைகாட்டும்போதே வேரோடு பிடுங்க வேண்டும்; ஓராண்டு விட்டால் அப்புறம் ஜே.சி.பி.தான். பாம்பு வரும் என்று காவலாளி பயப்படுவார். நியாயந்தான், நடைபாதையை ஒட்டி இரண்டு மீட்டரைக் குட்டையாக வைத்தால் தீர்ந்தது.

குளத்துக்குச் செங்குத்தான சிமெண்ட் கரை வேண்டாம். விழுந்த தவளை கூட ஏற முடியாது. ஓரடி ஆழத்துக்கு ஆறடி நீளமாகச் சரிவு கொடுத்தால் ஒரு சாண் தண்ணீரில் மடையான் கொக்கு நின்று மீன் பிடிக்கும். ஒரு மூலையில் சம்புக் கோரை இருந்தால் முக்குளிப்பான் கூடு கட்டும். சம்பு பரவத் தொடங்கினால் நீர்மட்டத்துக்குக் கீழே அறுக்க வேண்டும். வேருக்குக் காற்று போகாமல் அழுகிவிடும். மேலே அறுத்தால் மறுபடி துளிர்க்கும். கொசுவுக்காக கம்பூசியா மீனை விடாதீர்கள், தலைப்பிரட்டையையும் தின்றுவிடும்.

கோடையில் வெட்டும் இயந்திரத்துக்கு முன்னால் ஓர் ஆள் நடக்கட்டும். ஆள்காட்டிப் பறவை வெறுந்தரையில் சிறு பள்ளம் பறித்துக் கூழாங்கல் நிறத்தில் நான்கு முட்டை இடும். கண்டால் ஐந்து மீட்டர் தள்ளிக் குச்சி நட்டு, நான்கு வாரத்துக்கு மேல் அந்தப் பக்கம் போகாமலிருக்க வேண்டும். முட்டையை ஒட்டியே நட்டால் காகத்துக்கு நாமே வழி காட்டியதாகிவிடும்.